சுகாதார சர்வேயில் விடுபட்டுப் போகிறவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு சுகாதார சர்வே எடுக்கக் கல்லூரிப் பிள்ளைகளும் தொண்டு நிறுவனத்துக்காரர்களும் அடிக்கடி போகிறார்கள். உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் யாருடைய உடல்நிலை ரொம்ப மோசமாக இருக்கிறதோ அவர்களே கணக்கில் வராமல் போகிற மாதிரி பல சர்வேக்கள் அமைந்துவிடுகின்றன. பிறகு அந்தக் கணக்கை வைத்துத்தான் முகாம் எங்கே, மாத்திரை யாருக்கு என்று முடிவெடுக்கிறோம்.

பெரிய தவறு, முகாமுக்கு வந்தவர்களை எண்ணிவிட்டு அதையே ஊரின் நிலைமை என்று எழுதுவது. வந்தவர்கள் நடக்க முடிந்தவர்கள், ஒரு நாள் கூலியை விட முடிந்தவர்கள், கூட்டிவர வீட்டில் ஆள் உள்ளவர்கள். இதற்கு நம்ம மதுரையிலேயே நல்ல பாடம் இருக்கிறது. 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து முகாம்களுக்குப் பேர்போனது. ஆனால் முகாம் நடந்த ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, கண்ணில் கோளாறு உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கே வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 1999ல் வெளியான ஆய்வு அது. முகாமில் நின்ற கூட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பிற்பாடு 2004 முதல் சின்ன ஊர்களில் நிரந்தரமான விஷன் சென்டர்கள் வந்தன, நோயாளி அங்கே உட்கார்ந்தபடியே வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். வராதவர்களை எண்ணிப் பார்ப்பதால் கிடைக்கும் பலன் இந்த மாதிரியானது.

வீடு வீடாகப் போனாலும் நேரம் கோளாறு செய்யும். காலை 11 மணிக்குப் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், களையெடுக்கப் போனவர்கள், டவுனுக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைத் தட்டுவது சுலபம், ஆனால் அந்தப் பூட்டிய வீடுகள்தான் அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இன்னொரு தடவை போங்கள், ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பாருங்கள். அப்படியும் பார்க்க முடியாத வீடுகள் எத்தனை, அவை எந்தத் தெருவில் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

அடுத்தது, “உங்களுக்கு சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா?” என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்வது. பரிசோதனையே செய்யாதவர் இல்லை என்றுதான் சொல்வார், அவர் பொய் சொல்லவில்லை. இதன் விளைவு தலைகீழாக வரும்: அடிக்கடி டாக்டரைப் பார்க்கும் வசதியான தெருவில் நோய் அதிகம் மாதிரியும், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத காலனியில் எல்லாரும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிற மாதிரியும் தெரியும். கேட்பதோடு அளந்தும் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் அளக்க வேண்டும், ஏனென்றால் 2020ல் தமிழ்நாடு முழுக்க உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி நடந்த ஸ்டெப்ஸ் (STEPS) ஆய்வில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மாத்திரை வீட்டுக்கு வருகிறதா என்பதும், அளவு இறங்கியிருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

அப்புறம் சராசரி. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, பெருமைப்பட வேண்டிய எண். அதே கணக்கெடுப்பில்தான் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஒரு எண் நன்றாக இருந்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. ஊருக்குள்ளும் இதே கதைதான். 200 வீட்டைக் குலுக்கல் முறையில் எடுத்தால் காலனியில் 15 வீடு விழும், அந்த 15 வீட்டை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தெருக்களை ஒப்பிட வேண்டும் என்றால் சின்ன தெருவில் கூடுதல் வீடுகளை எடுப்பதென்று முதலிலேயே திட்டமிடுங்கள், மொத்தக் கணக்கு போடும்போது ஒவ்வொரு தெருவுக்கும் ஊரில் அதற்குள்ள உண்மையான பங்குக்கேற்ற எடை கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். செங்கல் சூளையில் தங்கி வேலை செய்கிறவர்கள் எந்த வீட்டுப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள், அவர்களைத் தனியாகத் தேடித்தான் போக வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்கும்போதும் இப்படித்தான். ஒரு பேச்சுக்கு, சிகிச்சை கிடைப்பவர்கள் மேலத்தெருவில் 60லிருந்து 80 சதவீதமாகவும் காலனியில் 30லிருந்து 35 ஆகவும் ஆனார்கள் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கூடியிருக்கிறது, ஆனால் இடைவெளி 30லிருந்து 45 ஆகிவிட்டது. மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டு டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971லேயே எழுதினார்.

அறிக்கையின் கடைசியில் “மக்களிடம் விழிப்புணர்வு இல்லை” என்று எழுதி முடிக்கிற பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஓபி பகலில் நடக்கிறது, வேலையும் பகலில்தான். பஸ் எத்தனை மணிக்கு, அன்றைய கூலி போனால் என்ன ஆகும், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் அவர்கள் மேல் குற்றம் சொல்வது அநியாயம். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும் கேட்டால் எந்த வீட்டில் என்ன தடங்கல் என்று விவரமாகவே சொல்வார்கள்.

அளந்த இடத்தில் ஒருவருக்கு பிரஷர் 180/110 என்று வந்தால், படிவத்தில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகராதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார வைத்துத் திரும்ப அளங்கள், அப்படியே இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் உடனே 108. சர்வே முடிந்த பிறகு பேர் எதுவும் இல்லாமல் முடிவுகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள், கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் விடுங்கள்.