ஜப்பானிய உருஷிப் பாத்திரச் சந்தையை நேர்மையாக நடத்தும் முறை

ஜப்பானில் மரபுக் கைவினைச் சந்தை நடத்த விரும்புவோர், இடத்தையும் தேதியையும் முடிவு செய்வதற்கு முன்பே, விற்கப்போகும் ஒரு கிண்ணம் யார் யாருடைய கைகளைக் கடந்து வருகிறது என்று கேட்டறிய வேண்டும். வாஜிமா ஊரின் உருஷிப் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். உருஷி என்பது மரத்தைக் கீறி எடுத்துப் பாத்திரங்களுக்குப் பூசும் பால். பூச்சியிலிருந்து கிடைக்கும் நம் அரக்கு வேறு. மரம் கடைபவர், அடிப்பூச்சு இடுபவர், தேய்ப்பவர், மேற்பூச்சு இடுபவர், பொற்துகளால் சித்திரம் தீட்டுபவர் எனப் பலர் நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் செய்து முடிக்கும் பாத்திரத்தின் விலைச்சீட்டில், பல நேரங்களில் விற்பனையாளரின் பெயர் மட்டுமே இருக்கிறது. இசைவு தரும் ஒவ்வொருவரின் பெயரும் பணியும் சீட்டில் இடம்பெற வேண்டும் என்பதைக் கடைக்காரர்களுக்கு முதல் நிபந்தனையாக வையுங்கள். 1925-இல் 'மிங்கெய்' (மக்கள் கைவினை) என்ற சொல்லை உருவாக்கிய ஜப்பானியச் சிந்தனையாளர் யானாகி சோஎட்சுவும் நண்பர்களும் பெயரறியாக் கைவினைஞர்களின் அன்றாடப் பொருள்களில் அழகைக் கண்டார்கள்; அந்தப் பார்வையை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் கூலியைக் குறைப்பதற்கு அதை யாரும் சாக்காகக் கொள்ள இடம் தரக்கூடாது.

அடுத்தது மூலப்பொருள். உணவு மேசைக்கும் சமையலறைக்குமான பூச்சுப் பாத்திரங்களில் மேற்பூச்சின் வகையையும் பூச்சுக்கு அடியிலுள்ள பொருளின் வகையையும் குறிப்பிட வேண்டும் என்பது 1962-ஆம் ஆண்டின் வீட்டுப்பொருள் தரக்குறிப்புச் சட்டத்தின் வழி வந்த விதி. உருஷி விளைந்த நாட்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஜப்பானில் பயன்படும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. இவாத்தே மாகாணத்தின் ஜோபோஜி வட்டாரத்தில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஒரு பருவம் பால் வெட்டினால் சுமார் 200 மில்லிலிட்டர்தான் கிடைக்கும், அதன்பின் மரத்தையே வெட்டிவிடுவார்கள் என்று அறிந்த வாடிக்கையாளர் விலை வேறுபாட்டைப் புரிந்துகொள்வார்.

பணத்தைப் பொறுத்தவரை, விற்றால் மட்டுமே பணம் என்ற ஏற்பாட்டைத் தவிர்த்து, இயன்ற அளவு பொருள்களை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்குங்கள். மாதக்கணக்கில் வேலை செய்தவர் மீது விற்காத சரக்கின் சுமையையும் ஏற்றுவது நியாயமன்று. செயல்விளக்கம் தருபவருக்கு நாட்கூலி தர வேண்டும். ஈர உருஷி தோலில் பட்டால் கடும் அரிப்பும் கொப்புளமும் வரும் என்பதால், பார்வையாளர்களை எட்டி நிற்கச் செய்யுங்கள். 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ நிலநடுக்கமும் தீயும் வாஜிமாவைச் சிதைத்தன; அங்கிருந்து வருவோருக்கு நீண்ட கால அவகாசம் கொடுங்கள், அவர்களுடைய இழப்பின் படங்களை விளம்பரமாக்காதீர்கள்.

வட ஜப்பானின் பழங்குடிகளான ஐனு மக்களின் கோலங்களை அச்சிட்ட பொருள்களை ஏற்காமல், ஹொக்கைடோவிலுள்ள அவர்களுடைய ஊரான நிபுதானியின் மரத்தட்டுகளையும் மரப்பட்டைத் துணிகளையும் செய்வோரையே அழையுங்கள். அவ்விரண்டும் 2013-இல் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தவை. யானைத் தந்தப் பொருள்களுக்கு இடமே தரவேண்டாம்.

கடைசியாக, பழுதுபார்க்கும் மேசை ஒன்றை வாயிலருகே போடுங்கள். விளிம்பு உடைந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, செலவையும் திரும்பக் கிடைக்கும் மாதத்தையும் எழுதிக் கொடுப்பவர் அங்கே உட்கார வேண்டும்.