வீட்டுக் கணினிக்கு எந்தத் தீச்சுவர் போதும்?

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் புதிய மடிக்கணினி வாங்கிய கையோடு, பாதுகாப்பு மென்பொருளையும் தனியாக வாங்க வேண்டுமா என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பணம் செலவழிப்பதற்கு முன், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு தீச்சுவர்களை (ஃபயர்வால்), அதாவது விண்டோஸில் உள்ளதையும் வீட்டு வைஃபை ரௌட்டரில் உள்ளதையும், சரிபாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அவையே போதும்.

நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுப்பதே தீச்சுவரின் முதன்மையான வேலை. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு (தானாகவே பரவும் தீங்கு நிரல்), யாரும் எந்தக் கோப்பையும் திறக்காமலேயே விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்தது. அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே தீச்சுவர் இருந்தும், அது அணைந்தே கிடந்தது. 2004இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தல் தொகுப்புதான் அதைத் தானாக இயங்க வைத்தது.

முதல் படியாக, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, தீச்சுவருக்கான பக்கத்தில் டொமைன் (அலுவலக வலையமைப்பு), பிரைவேட் (வீடு), பப்ளிக் (பொது இடம்) ஆகிய மூன்றும் 'ஆன்' என்று காட்டுகின்றனவா என்று பாருங்கள். செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து அக்காவின் கணினியில் மூன்றும் அணைந்திருந்தன. கணினியோடு வந்த வேறொரு பாதுகாப்பு மென்பொருளின் சோதனைக் காலம் முடிந்து பல மாதங்களாகியும், அது நீக்கப்படாமல் கிடந்தது. அதை நீக்கிக் கணினியை மறுபடி தொடக்கிய பின்னரே விண்டோஸின் தீச்சுவரை இயக்க முடிந்தது. ஒரு கணினிக்கு ஒரு தீச்சுவர் மென்பொருளே போதும்.

இரண்டாவது, வலையமைப்பின் வகை. வீட்டு வைஃபைக்குப் பிரைவேட்டையும், மாமாக் கடை, விமான நிலையம் போன்ற இடங்களில் பப்ளிக்கையும் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புதிதாக நிறுவிய செயலி வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்க முயலும்போது, அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு சிறு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் 'அலவ்' என்பதை அழுத்திவிட்டால், அந்தச் செயலிக்காகச் சுவரில் நீங்களே ஒரு கதவைத் திறந்துவிடுகிறீர்கள். நீங்கள் மூடும்வரை அது திறந்தே இருக்கும். பெயர் தெரியாத செயலி என்றால் 'கேன்சல்' அழுத்துங்கள். உலாவவும் மின்னஞ்சல் பார்க்கவும் இந்த அனுமதி தேவையில்லை. முன்பு அனுமதித்தவற்றின் பட்டியலும் அதே தீச்சுவர்ப் பக்கத்தில் இருக்கிறது. தேவையற்றவற்றின் குறியை எடுத்துவிடுங்கள்.

நான்காவது, ரௌட்டர். அதன் அடியில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) உலாவியில் இட்டு உள்நுழையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்து, தீச்சுவர் இயங்குவதை உறுதிசெய்யுங்கள். ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) இணைப்பு இருந்தால், அதற்கான தீச்சுவர் அமைப்பையும் தனியாகப் பாருங்கள்.

மேக் கணினியில் தீச்சுவர் இருக்கிறதே தவிர, பொதுவாக அதை நாம்தான் இயக்க வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் அது இருக்கும்.

விண்டோஸ் தீச்சுவர் வெளியே செல்லும் இணைப்புகளை இயல்பாகத் தடுப்பதில்லை. எந்தச் செயலி எங்கே தொடர்புகொள்கிறது என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்த விரும்புவோருக்குக் கட்டண மென்பொருள் உதவும். அப்படி வாங்கினால், அதன் காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்த நாளில், மேலே சொன்ன முதல் படியை மறுபடியும் செய்து பாருங்கள்.