பழைய கார் டைனமோவும் ரெகுலேட்டரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அதை இன்றைய ஆல்டர்னேட்டரைப் போலவே கருதுவதால் நேர்கின்றன. டைனமோவில் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயில்கள் கூட்டோடு அசையாமல் நிற்க, உள்ளே ஆர்மேச்சர் என்னும் கம்பிச்சுருள் சுழல்கிறது. அதில் உண்டாகும் மின்சாரம் முழுவதும் கம்யூட்டேட்டரையும் (ஆர்மேச்சரோடு சுழலும் செம்புப் பட்டைகள்) அதை உரசி நிற்கும் கார்பன் பிரஷ்ஷையும் கடந்தே வெளியே வருகிறது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இல்லாததால், பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுப்பது கட்-அவுட் என்னும் ரிலேதான்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டுவது முதல் தவறு. 1919-இல் ஃபோர்டு மாடல் டி காருக்கு ஸ்டார்ட்டருடன் வந்த 6 வோல்ட் டைனமோவில், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே கிடையாது. மூன்றாவது பிரஷ் ஒன்றுதான் ஃபீல்டு காயிலுக்கு மின்சாரம் தருகிறது. மின்னோட்டம் கூடும்போது ஆர்மேச்சரின் காந்தப்புலம் மூலப்புலத்தைத் திரித்துவிடுவதால், அந்த பிரஷ்ஷில் கிடைக்கும் வோல்ட்டேஜ் குறைந்து உற்பத்தி தானே மட்டுப்படுகிறது. இந்த ஏற்பாடு அடக்குவது மின்னோட்டத்தை மட்டுமே. வோல்ட்டேஜைப் பிடித்து வைத்திருப்பது பேட்டரி. அதை நீக்கினால் வோல்ட்டேஜ் தாறுமாறாக ஏறி ஃபீல்டு காயில் கருகும்.

அடுத்த தவறு நுட்பமானது; கைதேர்ந்தவர்களும் இதில் சறுக்குவதுண்டு. லூகாஸ் நிறுவனத்தின் ஆர்பி106 போன்ற, ரெகுலேட்டரும் கட்-அவுட்டும் சேர்ந்த இரு யூனிட் கன்ட்ரோல் பாக்ஸை, ஆல்டர்னேட்டர் பழக்கத்தில் 14 வோல்ட்டுக்குத் திருகி வைத்துவிடுகிறார்கள். அதன் ரெகுலேட்டர் இரும்பின் மேல், வெளியேறும் மின்னோட்டம் கடந்து செல்லும் சில சுற்றுகளும் இருப்பதால், சுமை ஏற ஏற அது வோல்ட்டேஜைத் தானே தாழ்த்துகிறது. ஆகவே கட்-அவுட்டுக்கு அப்பால் சுமையே இல்லாத நிலையில், 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 16 வோல்ட் காட்டுவதே முறை. இந்த நிலையில் 14 வோல்ட் வைத்தால் பேட்டரி ஒருநாளும் நிறையாது. சரிசெய்யும் வேலையை 30 வினாடிக்குள் முடிக்க வேண்டும். நேரம் நீண்டால் சுருள் சூடேறி அளவீடு பிழையாகும்.

டைனமோவைக் கழற்றி மாட்டிய பின் துருவம் ஏற்றாமல் (அதாவது, சரியான திசையில் காந்தமேற்றாமல்) ஓட்டுவதும், பிற காருக்குரிய முறையில் ஏற்றுவதும் கேடு விளைவிப்பவை. இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தமே அதன் துருவத்தைத் தீர்மானிக்கிறது. அது மாறியிருந்தால் கட்-அவுட் பாயின்ட் (மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் தொடுமுனை) படபடத்துத் தீய்ந்துபோகும். லூகாஸ் அமைப்பில், இன்ஜின் நின்றிருக்கும்போது, ஃபீல்டு காயிலுக்குச் செல்லும் எஃப் வயரை கன்ட்ரோல் பாக்ஸிலிருந்து கழற்றி, பேட்டரியின் எர்த் செய்யப்படாத (காரின் உடலோடு இணைக்கப்படாத) முனையில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். ஃபீல்டு ரெகுலேட்டர் வழியாக எர்த் ஆகும் டெல்கோ-ரெமி வகையில் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே ரெகுலேட்டரில் உள்ள பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு கணம் இணைத்தால் போதும்.

கம்யூட்டேட்டரை எமரித் தாளால் தேய்க்காதீர்கள், மெல்லிய கண்ணாடித் தாள் போதும். கட்-அவுட் பாயின்ட்டுக்கும் அதே தாள்தான். கார்போரண்டம் கல் ரெகுலேட்டர் பாயின்ட்டுக்கு மட்டும். ஐட்லிங்கில் சார்ஜ் விளக்கு மங்கலாக எரிவதைக் கண்டு ரெகுலேட்டர் திருகில் கை வைக்க வேண்டாம், அந்த வேகத்தில் டைனமோ சார்ஜ் செய்யாதது இயல்பே.