ஒரே டேட்டாவோட ரெண்டு காப்பி (ரெப்ளிக்கா) ரெண்டு பதில் சொன்னா எதை எடுக்குறது?

எந்த டேட்டாபேஸ் நல்லதுன்னு தேடுறதுக்கு முன்னாடி உங்க ஸ்கீமாவை (என்னென்ன ஃபீல்டு இருக்குங்குற வரைவை) எடுத்து வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஃபீல்டா இதைக் கேளுங்க: ரெண்டு நோடுல (சர்வர்ல) ஒரே சமயத்துல இதை மாத்தி, அதுல ஒரு ரைட் (write, எழுதுன மாற்றம்) சத்தமில்லாம காணாம போனா பரவால்லையா? மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே ஸ்ட்ராட்டஜின்னு முடிவு பண்றதுலதான் பாதி பிரச்சனையே ஆரம்பிக்குது.

பரவால்லன்னா லாஸ்ட் ரைட் வின்ஸ் (கடைசியா எழுதுனதே ஜெயிக்கும்) போதும். ப்ரொஃபைல் படம், தீம், கடைசியா ஆன்லைன் வந்த நேரம் இதெல்லாம் இந்த வகை. கசாண்ட்ரா டேட்டாபேஸ் இதைத்தான் பண்ணுது, அதுவும் ஒவ்வொரு காலமுக்கும் (column) தனித்தனியா டைம்ஸ்டாம்ப் (எழுதுன நேரம்) பாத்து. ஆனா "கடைசி"ன்னு சொல்றது கடிகாரம், நிஜ வரிசை இல்ல. ஒரு மெஷினோட கடிகாரம் 5 செகண்ட் முன்னாடி ஓடுனா, அது எழுதுனதுக்கு அப்புறம் 5 செகண்டுக்குள்ள மத்தவங்க அதே கீல (key, அதே பதிவுல) எழுதுறதெல்லாம் தோத்துப்போகும், எரர் ஒண்ணும் வராது, லாக்லயும் இருக்காது. டைம்ஸ்டாம்ப்பை பெரும்பாலும் க்ளையன்ட் டிரைவரே போடுறதால அப்ளிகேஷன் சர்வர் கடிகாரத்தையும் சேத்து மானிட்டர் பண்ணுங்க.

தொலையக்கூடாது, ஆனா சேத்துக்கலாம்னா சிஆர்டிடி (CRDT, ரெப்ளிக்காக்களை மோதல் இல்லாம தானா ஒண்ணு சேக்குற டேட்டா வகை) பக்கம் போங்க. லைக் கவுண்ட்டை ஒரே நம்பரா வெக்காம ஒவ்வொரு ரெப்ளிக்காவும் தன் கணக்கைத் தனியா வெச்சுக்கிட்டா, மெர்ஜ் பண்றப்ப ரெப்ளிக்கா வாரியா பெரியதை எடுத்து கூட்டிட்டா முடிஞ்சது. செட்லதான் (பொருள்களோட தொகுப்புலதான்) சிக்கல், அதுவும் டெலீட்ல. அமேசான் தன்னோட டைனமோ டேட்டா ஸ்டோர் பத்தி 2007ல வெளியிட்ட பேப்பர்லயே இருக்கு: ஷாப்பிங் கார்ட்டை மெர்ஜ் பண்றப்ப சேத்தது எதுவும் தொலையாது, ஆனா எடுத்துப் போட்டது சிலசமயம் திரும்ப வந்துடும். ஓஆர்-செட்னு (OR-Set) ஒரு சிஆர்டிடி வகை இருக்கு, அதுல ஒவ்வொரு சேர்ப்புக்கும் தனி டேக் இருக்கும், டெலீட் தான் பாத்த டேக்கை மட்டும் தூக்கும், அதனால அந்த பிரச்சனை வராது. சேந்து எடிட் பண்ற டெக்ஸ்ட்டுன்னா ஒய்ஜேஎஸ் (Yjs), ஆட்டோமெர்ஜ் மாதிரி ஏற்கனவே இருக்கற லைப்ரரியை எடுத்துக்கோங்க, சொந்தமா எழுத ஆசை வரும், வேணாம்.

இன்னொன்னு, டெலீட்டை நம்பி இருந்தா டூம்ஸ்டோனையும் (இது அழிச்சாச்சுன்னு வெக்குற அடையாளம்) பாருங்க. கசாண்ட்ரால டிஃபால்ட்டா 10 நாள் வெச்சிருக்கும், அதைவிட அதிக நாள் டவுனா இருந்த நோடு ரிப்பேர் (மத்த நோடுகளோட ஒத்துப்பாத்து சரிபண்ற வேலை) ஓடாம திரும்ப வந்தா, அழிச்ச டேட்டா உயிரோட எழுந்து வரும்.

எது சரின்னு பிசினஸ் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்னா, ஆர்டர் முகவரி மாதிரி, ரெண்டு வெர்ஷனையும் வெச்சுக்கிட்டு அப்ளிகேஷன் முடிவு பண்ணட்டும். கவுச்டிபி (CouchDB) டேட்டாபேஸ் இப்படித்தான், ஒண்ணை ஜெயிச்சதா காட்டும், தோத்ததையும் வெச்சிருக்கும். ஆனா அந்த "ஜெயிச்சது" கடைசியா எழுதுனது இல்ல, நீளமான ரிவிஷன் வரலாறு உள்ளது, அதனால கான்ஃப்ளிக்ட் லிஸ்ட்டைக் கேட்டு வாங்கி படிக்கிற கோடை எழுதலன்னா சும்மா எடம்தான் வேஸ்ட்.

பேங்க் பேலன்ஸ் மைனஸ்ல போகக்கூடாது, ஒரு சீட்டு ஒருத்தருக்குத்தான், யூசர்நேம் ரெண்டு பேருக்கு இருக்கக்கூடாது, இந்த மாதிரி விதிக்கு எந்த மெர்ஜும் உதவாது. ரெண்டு பக்கமும் ஒரு சீட்டு மிச்சம் இருக்குன்னு பாத்துதான் வித்திருக்கும். அந்த கீக்கு மட்டும் ராஃப்ட், பாக்ஸாஸ் மாதிரி கன்சென்சஸ் (மெஜாரிட்டி நோடு ஒத்துக்கிட்டாதான் எழுதுறது) வெச்சு, நெட்வொர்க் பிரிஞ்சா மெஜாரிட்டி இல்லாத பக்கம் ரைட் எடுக்காதுன்னு ஒத்துக்கோங்க. இல்ல வித்துட்டு அப்புறம் ஒருத்தருக்கு பணத்தைத் திருப்பிக் குடுக்கலாம், அதை டெவலப்பர் முடிவு பண்ணக்கூடாது.

மெர்ஜ் ஃபங்ஷனை நீங்களே எழுதுனா, ஒரே அப்டேட்களை வரிசை கலைச்சு, சிலதை ரெண்டு தடவை அனுப்பி டெஸ்ட் பண்ணுங்க. எப்படி அனுப்பினாலும் ஒரே பதில் வரலன்னா அதை புரொடக்ஷனுக்கு விடாதீங்க.