ஒரே சாட்சியை இரண்டு தடவை கூப்பிடாதீர்கள்

காரைக்குடியில் பழைய மரச்சாமான் விற்கும் ஒருவரை உட்காரவைத்து, நிலைக்கதவு பர்மா தேக்கா என்று சொல்லும் எக்ஸ்பர்ட் சிஸ்டம் (நிபுணரின் அறிவை விதிகளாக்கி முடிவு சொல்லும் கணினி நிரல்) எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டால் பிசுபிசுப்பு இருக்கிறதா? தேக்கு, 0.6. தெளித்த தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதா? தேக்கு, 0.5.

இந்த எண்கள் 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற மருத்துவ எக்ஸ்பர்ட் சிஸ்டத்தின் வழிவந்த உறுதி எண்கள். −1 (நிச்சயமாக இல்லை) முதல் +1 (நிச்சயமாக ஆம்) வரை போகும்; 0 என்றால் தெரியாது. ஆதரவான இரண்டைச் சேர்க்க ஒரு சூத்திரம் உண்டு: 0.6 + 0.5 × (1 − 0.6) = 0.8.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பிசுபிசுப்பும் தண்ணீர் ஒட்டாததும் இரண்டு அடையாளங்கள் அல்ல. இரண்டுமே எண்ணெயின் வேலை. வேப்பங்கதவில் யாரோ நேற்று ஆளிவிதை எண்ணெய் தடவியிருந்தால் இரண்டு விதியும் சேர்ந்தே பொய் சொல்லும், சிஸ்டமோ 0.8 என்று மார்தட்டும். ஒரே காரணத்தில் பிறந்தவற்றை ஒரு விதிக்குள் கட்டி, 0.6-ஐ மட்டும் கொடுங்கள். அப்புறம் குறுக்குவெட்டில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிகிறதா என்று தனியாகக் கேளுங்கள். அதற்கு 0.5 என்றால் மறுபடியும் 0.8 தான் வரும். ஆனால் இது உழைத்துச் சம்பாதித்த 0.8.

அடுத்தது, 0.6-ஐ நிகழ்தகவாகப் படிப்பது. "அப்படியானால் தேக்கு இல்லை என்பதற்கு 0.4 தானே?" என்று கேட்டால் கடைக்காரர் முறைப்பார். அவர் சொன்னது ஆதரவு எவ்வளவு என்பதை மட்டும்; எதிர்ப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. மைசினுக்கு விதிகள் சொன்ன மருத்துவர்களும் இதே கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. நிகழ்தகவுதான் வேண்டும் என்றால் பேய்சியன் வலைப்பின்னலுக்கு (காரணங்களையும் அடையாளங்களையும் நிகழ்தகவால் இணைக்கும் வரைபடம்) போய்விடலாம். எது எதைச் சார்ந்தது என்பதை அங்கே வெளிப்படையாக வரைந்தே ஆக வேண்டும்.

'தெரியாது' என்பதை 'இல்லை' ஆக்குவதும் சகஜம். கதவு சுவரில் பதிந்திருக்கிறது, குறுக்குவெட்டைப் பார்க்க வழியில்லை. அதற்கு 0 போடாமல் −0.5 போட்டால், வேறு நல்ல சான்றுகளால் வந்த 0.8 கூட 0.6 ஆகிவிடும்: எதிரெதிர் எண்களைக் கூட்டி வரும் 0.3-ஐ, குறியைப் பார்க்காமல் சிறியதான 0.5-ஐ 1-லிருந்து கழித்து வரும் 0.5-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ரொம்பப் பழைய கதவு" போன்ற சொல்லுக்கும் உறுதி எண் ஒட்டுகிறார்கள். வயது 80 என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தாலும் 'ரொம்பப் பழசா' என்ற கேள்வி தீராது. அது, ஒன்று எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை அளக்கும் ஃபஸி கணங்களின் வேலை. 1965-லேயே ஆய்வாளர் லோட்ஃபி ஸாதே அதற்கு வழி சொல்லிவிட்டார்.