குழந்தைக்கு வார்த்தை சொல்லித்தரும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது?

சின்னக் குழந்தைக்குப் பேச்சு சொல்லித்தரும்போது நாம் வாயைத்தான் நம்புகிறோம். குழந்தையோ நம் கண்ணும் கையும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துத்தான், நாம் எதைச் சொல்கிறோம் என்று கண்டுபிடிக்கிறது. இது தெரியாமல் வீட்டில் செய்யும் தவறுகள் சில.

பெரிய தவறு, போனைப் பார்த்துக்கொண்டே "ஆமாண்டா கண்ணு, அது கரண்டி" என்பது. 1991இல் டேர் பால்ட்வின் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். குழந்தையிடம் ஒரு பொம்மை இருக்கும். அதே நேரம் பெரியவர் வாளிக்குள் இருக்கும் வேறு பொம்மையைப் பார்த்தபடி ஒரு புதுப் பெயரைச் சொல்வார். 18, 19 மாதக் குழந்தைகள், தாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பொம்மைக்கு அந்தப் பெயரை ஒட்டவில்லை; நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, வாளிக்குள் இருந்ததற்குத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியென்றால் போனில் கண்ணை வைத்துக்கொண்டு நாம் சொல்லும் "கரண்டி" எங்கே போய் ஒட்டும், சொல்லுங்கள்?

அடுத்தது, முகவாயைப் பிடித்துத் திருப்புவது. குழந்தை வாசற்படியில் ஊரும் எறும்பை அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் போய் "இங்க பாரு, யானை" என்று படப்புத்தகத்தை நீட்டுவோம். வேண்டாம், அது பார்க்கிற எறும்பையே நீங்களும் குனிந்து பார்த்து "எறும்பு" என்று சொல்லுங்கள். குழந்தை ஏற்கெனவே கவனிக்கும் பொருளுக்குச் சொன்ன பெயர்தான் நன்றாகப் பதிகிறது என்று டோமசெல்லோ, ஃபாரர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இலேயே காட்டிவிட்டார்கள்.

அப்புறம், ஒரு வயதுக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கைகாட்டிவிட்டு "பார்க்கவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வது. பின்பக்கம் திரும்பித் தேடுவது பெரும்பாலும் 18 மாத வாக்கில்தான் வரும். அதுவரை அதன் கண்ணுக்கு முன்னால், முடிந்தால் பொருளைத் தொட்டே காட்டுங்கள். காட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளாமல், அது பொருளைப் பார்த்து, திரும்ப உங்களைப் பார்க்கும்வரை பொறுங்கள்.

18 மாதம் ஆகியும் எதிரே சுட்டிக்காட்டுவதைப் பார்ப்பதில்லை, தானாக எதையும் சுட்டிக்காட்டுவதும் இல்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி, காதுப் பரிசோதனையும் வளர்ச்சிப் பரிசோதனையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது.