சுகர் கால் எரிச்சலுக்குக் காந்த மெஷின் வாங்கப் போகிறீர்களா?

ராத்திரி படுத்ததும் பாதம் தீயாக எரியும், போர்வை பட்டால்கூட ஊசி குத்தும். இந்த அவஸ்தையில் இருப்பவரிடம் யாராவது 'காந்த அலை தெரபி' என்று ஒரு மெஷினைக் காட்டினால் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். என் அப்பாவுக்கும் போனது.

பர்ஸைத் திறக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கால் எரிச்சல் உள்ளவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தடவவும் கூடாது. தொட்டது தெரிந்தால் 'வலது', 'இடது' என்று சொல்லட்டும். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, சூடு கொடுக்கும் எந்த மெஷினும் அந்தக் காலுக்கு வேண்டாம், கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. அப்பா மூன்றைக் கோட்டைவிட்டார். எரிகிற கால் மரத்தும் போயிருக்கும் என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

அப்புறம் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பாருங்கள். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டால் அது குறையலாம், அதுவும் இதே மதமதப்பைத் தரும்.

சரி, மெஷின். சுருளில் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் காந்தப்புலம் ஏறி இறங்கும், அது தசைக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கிளப்பும். ஒட்டிச் சேராத எலும்பு முறிவுக்கு இதை அமெரிக்காவில் 1979-லேயே அனுமதித்துவிட்டார்கள். ஆனால் சுகரால் வரும் இந்த நரம்பு வலிக்கு என்று 225 பேரிடம், தினம் 2 மணி நேரம் வீதம் 3 மாதம் கொடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நிஜ மெஷினுக்கும் டம்மி மெஷினுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமியும் 2011-ல் இதைப் பரிந்துரைக்கவில்லை. 'பத்தே சிட்டிங், வலி பறந்துடும்' என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இருந்தாலும் பார்த்துவிடலாம் என்றால் வாங்காதீர்கள், ஃபிசியோவிடம் சிட்டிங் கணக்கில் எடுங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் படுக்கும்போது வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டு நோட்டில் எழுதுங்கள், நடுவில் மாத்திரையை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பிரீகாபலின், டுலாக்செடின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் தானாக நிறுத்தவே கூடாது. பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப் வைத்திருந்தால் காந்தப் பக்கமே போகாதீர்கள்.

என்னைக் கேட்டால், தோல் மேல் பேட் ஒட்டி லேசான மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் (TENS) மெஷின் மேல். அதே அகாடமி 2010-ல் இதற்குப் பலன் இருக்கலாம் என்றது, விலையும் ஒரு சில ஆயிரம்தான். இதுவும் பேஸ்மேக்கர்காரர்களுக்கு ஆகாது. பேடை மரத்த பாதத்தில் ஒட்டாமல், உணர்ச்சி நன்றாக உள்ள கெண்டைக்காலில் ஒட்டி, சுருசுரு என்று தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றி, அரை மணி நேரம் வையுங்கள். முதல் தடவை ஃபிசியோ காட்டிக் கொடுக்கட்டும். கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாதத்தில் புண் வந்தாலோ, ஒரு கால் மட்டும் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலோ, வலியே இல்லாவிட்டாலும் எந்த மெஷினையும் தொடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.